குரங்குகள் தொடங்கிய வேலை

காலை ஆறு மணி இருபது. கண் விழித்ததும் முதலில் கண்டது கூரையிலிருந்து தொங்கிய ஒரு கை.

சிறிய, கறுத்த உள்ளங்கை. மணிக்கட்டுவரை சாம்பல் நிற மயிர். அது காற்றை இரண்டு முறை துழாவிவிட்டு மேலே போயிற்று. கை போன இடத்தில் ஒரு முகம் வந்தது. முன்னறையில் கித்தான் கட்டிலில் படுத்திருந்த என்னை அது பார்த்தது. வீடு பார்க்க வந்தவர்கள் ஏற்கெனவே குடியிருப்பவரைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அவசரமே இல்லை. பிறகு ஓட்டையின் ஓரத்து ஓலையை ஒரு பிடி பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது நாங்கள் பினாங்கில், ஆயர் ஈத்தாம் குன்றின் அடிவாரத்தில், ஒரு பழத்தோட்டத்து வீட்டில் குடியிருந்தோம். நகரத்திலிருந்து வரும் டிராம் கடைசியாக நிற்கும் இடத்தில் இறங்கி இருபது நிமிடம் நடக்க வேண்டும். ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நான் பிழை திருத்துபவனாக இருந்தேன். ஆசிரியருக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் தலையங்கமும் எழுதுவேன். ஆசிரியருக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும்.

வீடு பலகை வீடு. இடுப்பளவு உயரமுள்ள மரக்கால்களின்மேல் நின்றது. கூரை அத்தாப்பு. நீப்பா என்ற சதுப்புநிலப் பனையின் ஓலையை மடித்துக் குச்சியில் கோத்துத் தைத்த தட்டிகளை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கைமரங்களோடு பிரம்பால் கட்டியிருந்தார்கள். புதிதாக இருக்கும்போது அதைவிடக் குளிர்ச்சியான கூரை கிடையாது என்று வீட்டுக்காரர் சொன்னார். எப்போது புதிதாக இருந்தது என்று அவர் சொல்லவில்லை.

வாடகை கொடுத்தவர்கள் நானும் என் மனைவியும் மட்டும்தான். குடியிருந்தவர்கள் பலர். வீட்டுக்கு அடியில், மரக்கால்களுக்கு நடுவே, வீட்டுக்காரரின் ஏழு ஆடுகள் படுத்தன. உட்சுவரின் மேல் விளிம்பில் ஒரு மரநாய் பகல் முழுவதும் தூங்கியது. மலாயில் அதை மூசாங் என்பார்கள். அதன் உடம்பிலிருந்து பண்டான் இலை வாசனை வரும். வந்த விருந்தாளிகள் சிலர், உள்ளே ஏதோ பலகாரம் வேகிறது என்று நம்பி நெடுநேரம் உட்கார்ந்திருந்தது உண்டு. குளிக்கும் தொட்டிக்குப் பின்னால் ஆள் நீளத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு உடும்பு இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கோழிகள் எங்கள் அடுப்படியில் வந்து முட்டையிடும். மத்தியானம் உடும்பு வந்து முட்டையை எடுத்துக்கொண்டு போகும். இந்த ஏற்பாட்டில் எங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை.

குரங்குகள் மட்டும் குடியிருக்கவில்லை. வந்து போயின. பழக்காலத்தில் ரம்புத்தானும் டுரியானும் தோட்டத்தில் இருக்கும்வரை அவற்றுக்கு எங்கள் நினைவே வராது. பழம் முடிந்ததும் கூரைக்கு வந்துவிடும். பழைய ஓலைக்குள் பூச்சியும் பல்லி முட்டையும் நிறைய இருக்கும். அவற்றைத் தேட ஓலையைப் பிரிக்க வேண்டும். அன்றாடம் காலையில் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், அந்த வேலையைச் செய்தன.

என் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். முந்தின ஆண்டு ஐப்பசி மழையில், இதே வீட்டின் உள்ளறையில், எங்கள் முதல் குழந்தை பிறந்தது. கூரை ஒழுகியது. தாயும் பிள்ளையும் படுத்திருந்த பாயை ஒரே இரவில் மூன்று முறை இடம் மாற்றினோம். பதினோராம் நாள் குழந்தை சளிக்காய்ச்சலில் இறந்தது. ஈரம் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். வேறு காரணங்களும் இருக்கலாம் என்றார். என் மனைவி அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

நகரத்தில் வேறு வீடு பார்த்தோம். எங்களுக்குக் கட்டுப்படியான இடங்களில் ஒரு அறையில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. அவள் தாய்வீடு கடலுக்கு அப்பால். அங்கே போக வேண்டும் என்று அவள் கேட்கவும் இல்லை.

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. உள்ளறை நனையக்கூடாது. அவ்வளவுதான்.”

ஆடி முடியட்டும், ஆவணியில் பார்க்கலாம் என்றேன். பத்திரிகையில் நாள் பார்ப்பதைக் கேலி செய்து அதற்கு முந்தின மாதம் எழுதியவன் நான்தான். இதைக் குறிப்பிடாமல் விட்டால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லப்போவது நியாயமாக இருக்காது.

வீட்டுக்காரர் தமிழ்க் கத்தோலிக்கர். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து, ஓய்வு பெற்று, இந்தத் தோட்டத்தை வாங்கியவர். தோட்டத்தின் மறுகோடியில், ஓட்டு வீட்டில் இருந்தார். ஞாயிறு காலைகளில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவார். கூரையைப் பற்றிச் சொன்னதும் உடனே ஒப்புக்கொண்டார். ஆவணி முதல் வாரத்தில் மாட்டு வண்டியில் புது அத்தாப்பு வந்து முற்றத்தில் அடுக்கப்பட்டது. உள்ளறைக்கு மேலே இரண்டு கைமரங்கள் உளுத்திருந்தன. அவற்றை மாற்றத் தச்சர் வருவார், ஓலை கட்ட வேறொருவர் வருவார், இரண்டு நாளில் வேலை முடியும் என்றார். அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். என் மனைவி கர்ப்பமாக இருந்தாள்; இரண்டு மாதமாக வெளியே அதிகம் வந்திருக்கவில்லை.

தச்சர் சீனர். செவ்வாய்க்கிழமை காலையில், காவடித் தடியின் ஒரு பக்கம் கருவிகளும் மறுபக்கம் ஆணி டப்பாவுமாக வந்தார். ஏணியைச் சாத்தினார். ரம்பம், சுத்தியல், உளி எல்லாவற்றையும் ஒரு துணியில் வரிசையாக வைத்தார். ஆணிகளை நீளவாரியாகப் பிரித்தார். பிறகு தண்ணீர் கேட்டார். என் மனைவி செம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அவளைப் பார்த்தார். தண்ணீரை முழுவதும் குடித்துச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஆணிகளை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் போட ஆரம்பித்தார்.

பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், எனக்குப் புரியும்படி நிதானமாகக் காரணம் சொன்னார். வயிற்றுப் பிள்ளையின் ஆவி பிறக்கும்வரை வீட்டுக்குள் இடம் மாறி மாறி இருக்கும். ஒருநாள் கதவில், ஒருநாள் கட்டிலில், ஒருநாள் அடுப்பில். ஆணி அடிக்கும்போது அது எங்கே இருக்கிறது என்று யார் கண்டது? சீனப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்குமே என்று கேட்டேன். போட்டிருக்கும், ஆனால் பஞ்சாங்கத்தைத் தப்பாகப் படித்துவிட்டால் என்ன செய்வது என்றார். தமக்கு இதில் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது என்றும் சொன்னார். ஏணியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

ஓலை கட்டுபவர் மறுநாள் வந்தார். ஜாவிப் பெக்கான்காரர். தகப்பன் வழியில் தமிழ் முஸ்லிம், தாய் வழியில் மலாய்க்காரர். பினாங்குத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். அவருக்கு ஆணியைப் பற்றிக் கவலை இல்லை. அவர் தொழில் முடிச்சு.

“தங்கச்சி, கூரைன்னா ஆயிரம் முடிச்சுலா. புள்ளத்தாச்சி இருக்கற வீட்டுல ஒரு முடிச்சு போட்டாலே பிரசவம் சிக்கிக்கும்னு எங்க ஊட்டுப் பொம்பளைங்க சொல்லுவாங்க. நான் நம்பறதில்ல. ஆனா நாளைக்கு ஒண்ணுன்னா எல்லாரு கண்ணுக்கும் என் கைதான் தெரியும்.”

பிரம்புக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் போனார்.

வீட்டுக்காரரிடம் போனேன். அவர் மதத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இப்படிப்பட்ட பயங்களைக் கண்டித்து முந்தின ஞாயிறுதான் கோயிலில் சாமியார் பேசினாராம். நல்ல பிரசங்கம் என்று பாராட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இது சாமியாருக்குத் தெரிஞ்சா சிரிப்பாரு, தம்பி. ஆனா எங்க பக்கத்துல சூலி இருக்கற வீட்டுல சுவத்தையும் தொடமாட்டாங்க, கூரையையும் தொடமாட்டாங்க. நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும். கொழந்த பொறக்கட்டும். மறுநாளே ஆள் அனுப்பறேன்லா.”

குழந்தை பிறப்பதற்குத்தான் கூரை வேண்டும் என்றேன். அதற்காகத்தான் மறுநாளே அனுப்புகிறேன் என்கிறேன் என்றார்.

அந்த வாரக் கடைசியில் மூன்று பேரும் எங்கள் முற்றத்தில் ஒன்றாக நின்றார்கள். தச்சர் ஏணியை எடுக்க வந்தார். ஓலைக்காரர் தமது கத்தியை மறந்துவிட்டுப் போயிருந்தார். வீட்டுக்காரர் ஆடுகளைப் பார்க்க வந்தார். சாதாரணமாக இந்த மூவரும் எதிலும் ஒத்துப்போகமாட்டார்கள். வேலி யாருடையது, பலகை எவ்வளவு கனம் இருக்க வேண்டும், ஆடு யாருடைய கீரையைத் தின்றது என்று எல்லாவற்றிலும் தகராறு. அன்று கால் மணி நேரம் பேசினார்கள். ஆணி கூடாது என்றார் ஒருவர். முடிச்சும் கூடாது என்றார் இன்னொருவர். தொடவே கூடாது என்றார் மூன்றாமவர். ஒருவர் சொன்னதை மற்ற இருவரும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் பத்திரிகை சமூக ஒற்றுமையைப் பற்றி இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தது. அது நிறைவேறியதை நான் நேரில் பார்த்தது அன்றுதான். தச்சர் ஏணியை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். அவசரத்துக்கு உதவும் என்றார். என்ன அவசரம் என்று சொல்லவில்லை.

ஆசிரியருக்கு உடம்பு சரியில்லை. மூடநம்பிக்கையைப் பற்றி ஒரு தலையங்கம் எழுதினேன். முழுதாக இரண்டு பத்தி. நன்றாகவே வந்திருந்தது. பாராட்டி ஈப்போவிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். அவள் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தாள்.

“நல்லா இருக்கு,” என்றாள். “ஏணி பின்னால இருக்கு.”

கைமரம் உளுத்திருக்கிறது, என் எடையைத் தாங்காது என்றேன். அது பொய் இல்லை. நான்காம் படிவரை ஏறிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். நான்காம் படியில் நின்றபோது டிராமுக்கு நேரமாகிவிட்டது நினைவுக்கு வந்தது.

முற்றத்தில் அடுக்கியிருந்த புது ஓலை இதற்குள் உபயோகத்துக்கு வந்துவிட்டது. யாருடையதும் இல்லாத ஒரு சாம்பல் பூனை அடுக்கின் அடியில் புகுந்து நான்கு குட்டி போட்டது. மேலே ஒரு கோழி அடை உட்கார்ந்தது. ஆடுகள் மழைச் சாரல் படாத பக்கமாக அடுக்கில் சாய்ந்து நின்றன. அந்த வளாகத்தில் புது ஓலைக்கு அடியில் முதலில் நடந்த பிரசவம் பூனையினுடையது. குட்டிகள் நனையவில்லை. என் மனைவி தினமும் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள்.

புரட்டாசி பிறந்ததும் மழை வர ஆரம்பித்தது. உள்ளறையில் எங்கெங்கே ஒழுகுகிறது என்று பார்த்து, தரைப்பலகையில் சுண்ணாம்பால் புள்ளி வைத்தாள். கோலம் போட்டுப் பழகிய கை. பதினான்கு புள்ளிகள். பாய் போட்டால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஐந்து புள்ளிகளுக்குக் குறையாமல் அடியில் வந்தன. முன்னறையிலேயே பிரசவம் வைத்துக்கொள்ளலாம் என்று நான் யோசனை சொன்னேன். முன்னறைக்கு மூன்று பக்கம்தான் சுவர். நான்காவது பக்கம் பாதையும் ஆடுகளும். தவிர, முன்னறைக் கூரையில் குரங்குகள் போட்ட ஓட்டை அந்த வாரம் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரர் ஆடுகளை எண்ண வந்தார். என் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

“ஐயா, ஒரு வேலைய ஆரம்பிச்சிட்டுப் பாதியில விடலாமா?”

“கூடவே கூடாதும்மா,” என்றார் அவர். கூடாது என்று சொல்ல இன்னொன்று கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். “பாதியில நின்ன வேலை வீட்டுக்கு ஆகாது. அதுவும் நீ இப்படி இருக்கற இந்த நேரத்துல.”

“அப்போ இது பாதியில நிக்குதே.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கூரையில் வானம் தெரிந்தது.

“இத யாரு ஆரம்பிச்சது?”

“நாங்க இல்ல. கொரங்கு.”

அவர் ஆடுகளை எண்ணுவதை நிறுத்தினார். என் மனைவி மேற்கொண்டு சொன்னாள். இந்த வீட்டில் இருப்பவர்கள் யாரும் கூரையில் கை வைக்கவில்லை. வெளியாள் வந்து பிரித்து, பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். தொடங்குவது தப்பு என்றால் அந்தத் தப்பு அவன் தலையில். முடிக்காமல் விடுவது தப்பு என்றால் அது நம் தலையில். இதை அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். முப்பது வருடம் கோப்புகளைப் பார்த்தவருக்கு இந்த வகை வாதம் நன்றாகத் தெரியும். மறுப்பு எழுத இடம் இருக்கிறதா என்று அவர் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு தச்சருக்கும் ஓலைக்காரருக்கும் ஆள் அனுப்பினார்.

தச்சர் ஓட்டையின் கீழே நின்று வெகுநேரம் பார்த்தார். தாம் கும்பிடும் கோயிலிலும் ஒரு குரங்கு தெய்வம் உண்டு, பொன் பூசிய முகம், அது தொடங்கிவைத்த வேலை என்றால் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்றார். அது தொடங்கியதா, அதன் ஜாதியில் வேறெதுவோ தொடங்கியதா என்று அவர் ஆராயவில்லை. ஓலைக்காரர் சிரித்தார். அவிழ்த்த முடிச்சைத் திரும்பப் போடுவது புது முடிச்சு ஆகாது என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இத்தனை நாள் ஒரு வழியும் இல்லாத இடத்தில் அன்று மூன்று வழி கிடைத்தது.

ஆனால் தச்சர் ஒழுங்கானவர். கரியால் கைமரங்களில் கோடு போட்டார். குரங்கு தொட்ட இடம் வரைதான் வேலை. அதற்கு ஒரு விரற்கடை அப்பால்கூடப் போகமாட்டார். குரங்கு தொட்டது முன்னறையும் அடுப்படியின் ஒரு மூலையும். ஒரே நாளில் வேலை முடிந்தது. அன்று நல்ல மழை. முன்னறையில் என் கட்டில்மேல் ஒரு சொட்டு விழவில்லை. உள்ளறையில் பதினான்கு இடத்தில் விழுந்தது. உள்ளறைக் கூரை வயதால் கெட்டது. அதைக் கெடுக்க யாரும் வரவில்லை என்பதால் அதைச் செப்பனிட யாரும் வரமுடியாது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் நான் வேலைக்குப் புறப்படும்போது உள்ளறையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். ரம்புத்தான் பறிக்கும் நீண்ட மூங்கில் கழி அவள் கையில் இருந்தது. கழியின் பிளந்த நுனியில் ஒரு துண்டு வாழைப்பழம். தரையில் ஒரு சுண்ணாம்புப் புள்ளியின்மேல் நின்றுகொண்டு, நேர் மேலே கூரை ஓலைகளுக்கு நடுவில் கழியை நுழைத்து, திருகி, உருவினாள். பழம் அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த புள்ளிக்கு நகர்ந்தாள்.

“என்ன பண்றே?”

“வர்றவங்களுக்குப் பழம் வைக்கறேன்.”

“அப்போ ஆரம்பிக்கறது நீதானே?”

“பழம்தான் நான் வெச்சேன். கூரையப் பிரின்னு சொன்னேனா?” கழியைக் கீழே இறக்கி இன்னொரு துண்டைச் செருகினாள். “நீங்க பேப்பர்ல எழுதறப்போ கல்லெறிஞ்சவன் பேரத்தானே போடுவீங்க? பக்கத்துல கல்லக் குவிச்சு வெச்சவன் பேரையா போடுவீங்க?”

டிராமுக்குப் போனேன்.

முதல் நாள் குரங்குகள் இரண்டு துண்டுகளைத்தான் கண்டுபிடித்தன. ஓலையை அதிகம் கலைக்காமல், மரியாதையாக எடுத்துக்கொண்டு போயின. இரண்டாம் நாள் குடும்பத்தோடு வந்தன. குட்டிகளைப் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டுப் பெரியவை வேலை செய்தன. மரநாய் முதல் முறையாகப் பகலில் விழித்து, நிலைமையைப் பார்த்து, அடுப்படிப் பக்கம் இடம் மாறிக்கொண்டது. மூன்றாம் நாள் மதியத்துக்குள் உள்ளறையில் வெயில் அடித்தது. பழைய ஓலையில் ஒரு கூடைக்கு மேல் தரையில் கிடந்தது. உளுத்த கைமரம் ஒன்று தானாகவே முறிந்து தொங்கியது. எந்தக் கூலிக்காரனும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்திருக்கமாட்டான்.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. தச்சர் பட்டர்வொர்த்தில் ஒரு வேலையாகக் கடலைத் தாண்டிப் போயிருப்பதாகச் சொன்னார்கள். முன்பு உள்ளறையில் பதினான்கு இடத்தில்தான் மழை விழுந்தது. இப்போது அறை முழுவதும் விழுந்தது. இரண்டு நாள் ஓயவில்லை. தரைப்பலகைகள் ஊறி உப்பின. என் மனைவி முன்னறையில் என் கட்டிலில் உட்கார்ந்து, உள்ளறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் பயந்து நான் பார்த்தது அந்த இரண்டு நாள்தான்.

“நான் தப்பு பண்ணிட்டேனாங்க? சொட்டிக்கிட்டாவது இருந்துச்சு. இப்போ மேல ஒண்ணுமே இல்லையே.”

நான் விடுப்புச் சொல்லிவிட்டு முதல் படகில் பட்டர்வொர்த் போனேன். விசாரித்து, தச்சர் வேலை செய்த கொட்டகையைப் பிற்பகலில் கண்டுபிடித்தேன். குரங்குகள் மறுபடி தொடங்கிவிட்டன என்று சொன்னேன். எந்த இடம் என்றார். உள்ளறை என்றேன். அவர் இழைப்புளியைக் கீழே வைக்காமல் யோசித்தார். முன்பு வந்த அதே குரங்குகள்தானா என்று கேட்டார். அவைதான் என்று உறுதியாகச் சொன்னேன். நேரில் பார்க்காத ஒன்றுக்குச் சாட்சி சொல்வது என் தொழிலில் எனக்கு முதல் முறை அல்ல. மறுநாள் காலையில் வருவதாகச் சொன்னார்.

வந்தார். ஓலைக்காரரும் வந்தார். மழை விட்டிருந்தது. தச்சர் கீழேயிருந்து கைமரத்தை அளந்துகொண்டிருந்தார். ஓலைக்காரர் மேலே ஏறி, விளிம்பில் மிச்சமிருந்த பழைய ஓலையை நீக்கினார். ஒரு இடத்தில் அவர் கை நின்றது. இரண்டு ஓலைக்கு நடுவிலிருந்து கறுத்துப்போன ஒரு வாழைப்பழத் துண்டை எடுத்தார். கத்தியால் சமமாக நறுக்கிய துண்டு. அதைத் திருப்பிப் பார்த்தார். கீழே தரையில் இருந்த சுண்ணாம்புப் புள்ளியைப் பார்த்தார். மழையில் பாதி கரைந்திருந்தாலும் புள்ளிகள் தெரிந்தன. பிறகு என் மனைவியைப் பார்த்தார். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன அது?” என்று தச்சர் மலாயில் கேட்டார்.

பல்லி முட்டை என்று சொல்லிவிட்டு ஓலைக்காரர் அதைப் பின்பக்கம் எறிந்தார். ஆடு தின்றுவிட்டது.

“கெட்டிக்காரக் கொரங்கு, தங்கச்சி,” என்றார், ஓலையைக் கட்டிக்கொண்டே. “சரியா ஒழுகற எடமா பாத்துப் பிரிச்சிருக்கு. சுத்தி ஒரு முழம் கூடவே பிரிச்சிருக்கு. சாரல் அடிக்காம இருக்கணும்னு அதுக்கும் தெரிஞ்சிருக்குலா.”

என் மனைவி உள்ளே போய் அவருக்குக் காப்பி கொண்டுவந்தாள்.

தச்சர் இரண்டு புதுக் கைமரங்களைப் போட்டு ஆணி அடித்தார். ஒவ்வொரு ஆணிக்கும் முன்னால் சுத்தியலால் மரத்தை மெல்ல ஒரு தட்டுத் தட்டி, சற்றுப் பொறுத்தார். யாராவது இருந்தால் விலகிக்கொள்ளட்டும் என்பதற்காக இருக்கலாம். ஓலைக்காரர் முடிச்சுகளை இறுக்கிப் போட்டார். அடுக்கிலிருந்து ஓலையை எடுத்துக்கொண்டே வந்து, கடைசிப் பன்னிரண்டு தட்டிகளில் நிறுத்தினார். அவற்றின் அடியில் பூனை இருந்தது. இருக்கும் ஓலையே போதும் என்றார். வீட்டுக்காரர் மாலையில் வந்து பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். கூரைக்காகவா, கூரையில் கை வைத்ததற்காகவா என்று நான் கேட்கவில்லை. குரங்குகள் மறுநாள் காலையில் வந்தன. புது ஓலையில் பூச்சி இல்லை. போய்விட்டன.

ஐப்பசி மூன்றாம் வாரத்தில், பகல் பதினொரு மணிக்கு, பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் சிக்கவில்லை. டிராம் நிற்குமிடத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வந்த மருத்துவச்சி, இவ்வளவு சுலபமாக அந்த மாதத்தில் வேறு யாருக்கும் ஆகவில்லை என்றாள். தச்சர், ஓலைக்காரர், வீட்டுக்காரர் மூவரும் தனித்தனியாக வந்து பார்த்தார்கள். இப்படித்தான் ஆகும் என்று தமக்கு முன்பே தெரியும் என்று மூவரும் சொன்னார்கள். குழந்தை பிறந்த நாளிலிருந்து எட்டு நாள் மழை பெய்தது. டிராம் பாதையில் ஒரு மரம் விழுந்து இரண்டு நாள் நான் வேலைக்குப் போகவில்லை.

முதல் குழந்தை காணாத பன்னிரண்டாம் நாள் வெயில் வந்தது. மருத்துவச்சி குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளறைப் பாயை வெளியே உதறுவதற்காகச் சுருட்டினாள். பாய்க்கு அடியில் உலர்ந்த தூசி இருந்தது.